கொலையாளியை முன்பே ஊகித்துவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் கூடும் உங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒரு கொலை மர்ம நாவலைப் படித்து ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது. பாதிக் கதையிலேயே கொலையாளியை ஊகித்துவிட்டவர் இரண்டு போடுகிறார். கடைசி அத்தியாயம் வரை ஏமாந்தவர் ஐந்து போடுகிறார். கூட்டி வகுத்தால் வரும் மூன்றரை அங்கே உட்கார்ந்திருக்கும் எவருடைய கருத்தும் இல்லை. இதற்கு ஒழுங்கான முறை ஏதும் உண்டா, தமிழ் நாவலுக்கும் ஆங்கில நாவலுக்கும் ஒரே அளவுகோலை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஊகித்தோமா, ஏமாந்தோமா என்பதை மதிப்பெண் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது வாசகரைப் பற்றிய தகவல். நாவலைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரியாது. இருநூறு நாவல்களைப் படித்து முடித்த ஒருவர் பெரும்பாலும் துப்புகளைக் கோத்துப் பார்த்து ஊகிப்பதில்லை. யார்மேல் சந்தேகமே விழாதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்கிறாரோ அவர்தான் என்று பழக்கத்தால் சொல்லிவிடுகிறார். தொலைக்காட்சித் தொடரில் பெயர்பெற்ற நடிகர் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரராக இரண்டே காட்சிகளில் வந்து போனால், கொலையாளி அவர்தான் என்று வீட்டிலுள்ள எல்லாரும் சொல்லிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மறுபக்கம், வாசகரை ஏமாற்றுவது பெரிய வித்தையும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் ஊரிலிருந்து வந்து இறங்கும் ஒன்றுவிட்ட தம்பியைக் கொலையாளி ஆக்கிவிட்டால் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக அந்த நாவலுக்கு ஐந்து போட்டுவிட முடியுமா?

மதிப்பிட வேண்டியது வேறு. விடை தெரிந்த பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்பிப் போனால், அந்தப் பக்கங்கள் விடையைத் தாங்குகின்றனவா என்பதே இந்த வகை எழுத்துக்குரிய முதல் கேள்வி. அந்தக் காட்சியில் கொலையாளி பேசியது, அவருடைய பார்வையிலிருந்து பார்த்தாலும் பொருந்துகிறதா? துப்பறிபவர் கையில் இருந்த தகவல் எல்லாம் நம் கையிலும் இருந்ததா? இருந்தது என்றால், நம் கண்ணில் படாமல் ஆசிரியர் அதை எப்படி மறைத்தார்? இந்த மூன்றாவது கேள்வியில்தான் கைதேர்ந்த எழுத்தாளரும் சாதாரண எழுத்தாளரும் பிரிகிறார்கள். சாதாரண எழுத்தாளர் துப்பை வேண்டாத தகவல்களின் நீண்ட பட்டியலுக்கு நடுவே செருகிவைப்பார். கைதேர்ந்தவர் அதை ஒரு நகைச்சுவையாகவோ, ஒரு பாத்திரத்தின் அசட்டுத்தனமாகவோ நமக்கு நேராகவே காட்டிவிடுவார். நாம் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

ஆசிரியர் வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்ற இந்தக் கோரிக்கை புதிதன்று. துப்பறியும் கதைக்கென்று 1928இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் இருபது விதிகளையும், 1929இல் கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதை ஆசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் பத்து விதிகளையும் எழுதிவைத்தார்கள். அதே 1929இல் வெளிவந்த எல்லரி குவீனின் முதல் நாவல், விடைக்குச் சற்று முன்னால் கதையை நிறுத்தி, தேவையான துப்புகள் எல்லாம் இப்போது உங்களிடம் இருக்கின்றன, நீங்களே சொல்லுங்கள் என்று வாசகருக்கு வெளிப்படையாகவே சவால் விட்டது. உங்கள் குழுவுக்கு நான் முன்வைக்கும் முறை இந்தச் சவாலிலிருந்து எடுத்ததுதான். சவால் பக்கம் இல்லாத நாவல்களில் அதை நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். நாவலை ஏற்கெனவே படித்த ஒருவர் நிறுத்த வேண்டிய அத்தியாயத்தைச் சொல்லிவிடட்டும். ஒவ்வொருவரும் அங்கே நிறுத்தி, யார், எப்படி, ஏன் என்ற மூன்றுக்கும் ஒரு துண்டுத்தாளில் ஒவ்வொரு வரி எழுதி, எந்தப் பக்கத்தை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று பக்க எண்ணையும் குறித்துவிட்டு மேலே படிக்கட்டும். பக்க எண் இல்லாத ஊகம் வெறும் ஆரூடம்; அதைக் கூட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பிப் படிப்பது என்று எதைச் சொல்கிறேன் என்பதை ஓர் உதாரணத்தால் காட்ட வேண்டும். அதற்கு அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. அதை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடுங்கள். கதையைச் சொல்பவர் அந்தக் கிராமத்து மருத்துவர், கொலையாளியும் அவரே. கொலை நடந்த இரவைப் பற்றி அவர் எழுதுவதைக் கவனியுங்கள். கடிதங்கள் உள்ளே வந்தபோது மணி எட்டு நாற்பது. தாம் அக்ராய்டின் அறையைவிட்டு வெளியேறியபோது எட்டு ஐம்பது. கதவின் கைப்பிடியில் கைவைத்தபடி ஒரு கணம் திரும்பிப் பார்த்து, செய்ய வேண்டியது ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று யோசித்தேன் என்கிறார். இதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. நடுவில் பத்து நிமிடங்கள் காணாமல் போயிருக்கின்றன, அவ்வளவுதான். முதல் வாசிப்பில் அது கடமை தவறாத மருத்துவரின் கவலையாகத் தெரிகிறது. இரண்டாம் வாசிப்பில் அதே வாக்கியம் வேறு மனிதருடையதாக இருக்கிறது. போதாததற்கு, கடைசி அத்தியாயத்தில் அந்த மருத்துவரே இந்த இடத்தைச் சுட்டிக்காட்டித் தம் எழுத்துத்திறனை மெச்சிக்கொள்கிறார்.

மூன்று ஆண்டுகள் கழித்து நாக்ஸ் எழுதிய முதல் விதி, எவருடைய எண்ணங்களைப் பின்தொடர வாசகருக்கு இடம் தரப்பட்டதோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்கிறது. விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் இந்த நாவல் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட வேண்டும். நான் அப்படிப் பார்க்கவில்லை. முன்பக்கங்கள் விடையைத் தாங்குகின்றன. அதனால் என் கணக்கில் முழு மதிப்பெண். உங்கள் குழுவில் ஒருவர் இது மோசடி என்று வாதாடினால் அவரிடம் மீண்டும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்ட வேண்டும். அப்போதும் அவர் மசியவில்லை என்றால் அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று விட்டுவிடலாம்.

விதிகளைப் பற்றிப் பேசும்போது சிங்கப்பூரிலிருந்து படிக்கும் நமக்கு உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. நாக்ஸின் ஐந்தாம் விதி, கதையில் சீனர் எவரும் வரக் கூடாது என்கிறது. நான்கில் மூன்று பங்கு சீனர்கள் வாழும் ஊரில் எம்ஆர்டி ரயிலில் அமர்ந்து இதைப் படிப்பவருக்கு முகம் சுளிக்கும். அந்தக் காலத்து மலிவான ஆங்கிலத் திகில் கதைகளில் மர்மமான சீன வில்லனைக் கொண்டுவந்து எல்லா முடிச்சையும் அவன் தலையில் கட்டிவிடும் வழக்கம் இருந்தது; அந்தச் சோம்பலைக் கிண்டல் செய்வதுதான் விதியின் நோக்கம். நோக்கம் சரியாக இருந்தும் சொன்ன விதம் பழையதாகிப்போனது. பழைய நாவல்களில் இனம், சாதி, வேலைக்காரர்கள் குறித்து வரும் இப்படிப்பட்ட இடங்களுக்காக மதிப்பெண்ணைக் குறைப்பதா என்று குழுக்களில் சண்டை வருவதுண்டு. அந்த முன்முடிவு துப்பாகவோ விடையாகவோ பயன்பட்டிருந்தால் குறைக்கலாம், ஏனென்றால் அப்போது புதிரே அதன்மேல் நிற்கிறது. போகிற போக்கில் வந்த வாக்கியம் என்றால் கூட்டத்தில் பேசிவிட்டு விட்டுவிடலாம்.

அடுத்ததாக, எந்த நாவலையும் அது தரும் வாக்குறுதியை வைத்தே அளக்க வேண்டும். யார் கொலையாளி என்ற கேள்வியையே எழுப்பாத நாவலும் இந்த வகையில் உண்டு. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், குற்றம் நடப்பதை முதலில் முழுவதுமாகக் காட்டிவிட்டு, பிறகு துப்பறிபவர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று சொல்லும் கதைகள் இருக்கின்றன. தமிழ் வாசகருக்கு இது புதுமையே அல்ல. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்று சிலப்பதிகாரம் நமக்கு முன்பே சொல்லிவிடுகிறது, பாண்டியனுக்குத்தான் தெரியாது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்ற ஒரே பொருள்சான்று அவையில் உடைபடும் இடத்துக்காகத்தான் நாம் காத்திருக்கிறோம். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் வெளியிட்டு நவோகி பரிசு பெற்ற நாவலிலும் கொலை நம் கண்முன்னே நடக்கிறது. நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டே படிக்கிறோம். ஆசிரியர் ஒளித்துவைத்திருப்பது வேறொன்று. இதைப் படித்துவிட்டு “ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, இரண்டு மதிப்பெண்” என்று சொல்பவர் நாவலின் கேள்வியையே படிக்கவில்லை.

நம் எழுத்தாளர் தேவன் படைத்த துப்பறியும் சாம்புவையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தற்செயல் எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பது நாக்ஸின் ஆறாம் விதி. சாம்புவுக்கோ தற்செயலைத் தவிர வேறு எதுவும் உதவுவதில்லை. அவர் தடுக்கி விழுந்தால் அங்கே திருடன் இருப்பான். விதிப்படி பூஜ்யம், ஆனால் அந்தக் கதைகள் தந்த வாக்குறுதி துப்பறியும் மேதைகளைப் பார்த்துச் சிரிப்பது, அதை அவை முழுமையாக நிறைவேற்றுகின்றன. துப்பறியும் கதையில் காதலே கூடாது என்று வான் டைன் சொன்னதையும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜெயந்தி ஆகிய துப்பறியும் ஜோடிகளையும் அருகருகே வைத்தால், பாக்கெட் நாவல் உலகத்தில் பாதிப் பேரை நாடுகடத்த வேண்டியிருக்கும்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே அளவுகோலா என்ற கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி, நூல் எந்த வடிவத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்தது. தமிழில் இந்த வகையின் பெரும்பகுதி வார இதழ்த் தொடர்கதையாகவும் மாத நாவலாகவும் வந்தது. சுஜாதாவின் நைலான் கயிறு 1968இல் குமுதத்தில் தொடராக வெளிவந்தது. ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500ஐத் தாண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கணக்கு. தொடர்கதையில் ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும். மூன்றாம் வாரம் வைத்த துப்பு இருபதாம் வாரத்தில் வாசகருக்கு நினைவிருக்காது என்பதால் அதை மறுபடி நினைவூட்ட வேண்டும். நினைவூட்டினால் அது துப்பு என்று வெளிப்பட்டுவிடும். இந்த இக்கட்டில் தமிழ் எழுத்தாளர்கள் புதிரைவிட வேகத்தையும் உரையாடலையும் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. சுஜாதாவின் துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் பேசிக்கொள்வதைப் படிக்கத்தான் பலரும் அடுத்த வார இதழுக்குக் காத்திருந்தார்கள். ஆகவே முந்நூறு பக்க ஆங்கிலப் புதிர் நாவலையும் ஒரே மூச்சில் படித்து முடிக்கும் மாத நாவலையும் ஒரே மாதத்தில் எடுத்து ஒப்பிடாதீர்கள். ஆனால் சலுகையும் காட்ட வேண்டியதில்லை. முன்பக்கங்கள் தாங்குகின்றனவா என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. தொடராக வந்து பின்னர் நூலான நாவல்களில் நடுவழியில் மறக்கப்பட்ட பாத்திரங்களும் பாதியில் தொலைந்த துப்பாக்கிகளும் அகப்படுவதுண்டு; நூலாக்கும்போது திருத்த வாய்ப்பிருந்தும் திருத்தாமல் விட்டதற்கு மதிப்பெண்ணைத் தாராளமாகக் குறைக்கலாம்.

உங்கள் குழுவில் செவிலியர் ஒருவரும் சட்டத்துறையில் வேலை செய்பவர் ஒருவரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்தவர்; 1920இல் வந்த அவருடைய முதல் நாவலில் நஞ்சைக் கையாண்டிருந்த விதத்தை ஒரு மருந்தியல் இதழே பாராட்டியது. அந்தத் துல்லியம் பல நாவல்களில் கிடையாது. மருத்துவர் வந்து சடலத்தைத் தொட்டுப் பார்த்து “இரவு ஒன்பதுக்கும் ஒன்பதே காலுக்கும் இடையில் இறந்திருக்கிறார்” என்று சொன்னால் அந்தப் பக்கத்தை மடித்துவையுங்கள். மரண நேரத்தை அப்படிச் சொல்ல முடியாது. உடல் விறைப்பு சில மணி நேரத்தில் தாடையிலும் முகத்திலும் தொடங்கி, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுதும் பரவி, பிறகு தளர்கிறது. வெப்பத்தில் இது விரைவாக நடக்கும். உடல் குளிரும் வேகமோ சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. 37 டிகிரி உடல் 30 டிகிரி அறையில் கிடந்தால் இரண்டுக்கும் வேறுபாடு சொற்பம். அதை வைத்து நேரம் கணிப்பது குளிர்நாட்டைவிட இங்கே கடினம். அதே அறையில் குளிரூட்டி இரவெல்லாம் ஓடி விடியற்காலையில் தானாக நின்றிருந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். சிங்கப்பூரில் நடக்கும் கதையை எழுதுபவர் எவரேனும் குளிரூட்டியை நிறுத்தும் அந்த நேரக்கருவியைத் துப்பாக வைத்தால் நான் ஐந்தும் போட்டு மேலே ஒன்றும் போடுவேன்.

சட்டத்திலும் இதே கதைதான். இன்றைய சிங்கப்பூரில் நடப்பதாகச் சொல்லும் நாவலில் ஜூரிகள் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னால், ஆசிரியர் தொலைக்காட்சி பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள்; இங்கே ஜூரி முறை 1970இலேயே ஒழிந்துவிட்டது. தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு கொலையை நான்கு வகையாகப் பிரிக்கிறது. 2013 முதல், கொல்லும் நோக்கத்தோடு செய்த முதல் வகைக்கு மட்டுமே மரண தண்டனை கட்டாயம். மற்ற மூன்றிலும் நீதிபதி ஆயுள் தண்டனையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே இங்கே நடக்கும் கதையில் “ஏன் செய்தார், என்ன நினைத்துச் செய்தார்” என்பது அலங்காரக் கேள்வி அல்ல, ஓர் உயிர் அதில் தொங்குகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் யார் என்பதோடு முடித்துவிடும் நாவல் கைக்குக் கிடைத்த வாய்ப்பை நழுவவிட்டது. 2012 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் காவல்துறை கேமராக்கள் பொருத்தப்பட்டிருப்பதையும், எட்டாவது மாடியில் கொலை செய்துவிட்டு இறங்கி வருபவர் எப்படிச் சமாளித்தார் என்பதையும் இப்படியே கேட்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானோ என்னவோ, சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூ 2017இல் தொடங்கிய வரிசையின் முதல் நாவலை 1936ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்.

முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துப்பறிபவர் எல்லாரையும் வரவேற்பறையில் உட்காரவைத்து, கையில் இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்லி மிரட்ட, கொலையாளி துள்ளி எழுந்து ஒப்புக்கொள்ளும் முடிவு எனக்குப் பிடிப்பதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார். 1963இல் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு அருகே முக்குளிக்கச் சென்ற பெண் திரும்பி வரவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை, அவரை அழைத்துச் சென்ற சன்னி ஆங் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அன்றுதான் நீட்டிக்கப்பட்டிருந்த அந்தப் பெண்ணின் விபத்துக் காப்புறுதி, பின்னர் கிடைத்த நீச்சல் துடுப்பில் அறுபட்டிருந்த வார் என்று சூழ்நிலைச் சான்றுகளை மட்டுமே அடுக்கி 1965இல் அவர்மேல் குற்றம் நிரூபிக்கப்பட்டது. உண்மை வழக்கொன்றுக்கு இது முடிந்திருக்கும்போது, எல்லாச் சான்றையும் தாமே படைத்துக்கொள்ளும் நாவலாசிரியர் ஒப்புதல் வாக்குமூலத்தில் போய் ஒளிந்துகொள்வது ஏன்?

இணையத்தில் காணும் சராசரி நட்சத்திரங்களை வைத்து நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு வரிசையின் பத்தாவது நாவலுக்கு முதல் நாவலைவிடக் கூடுதல் சராசரி இருந்தால், பிடிக்காதவர்கள் எல்லாரும் இரண்டாம் நாவலிலேயே இறங்கிவிட்டார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். தமிழ் நாவல்களுக்கு மதிப்பிட்டவர்களோ சில பேர்தான். ஏழு பேர் நான்கு போட்டு ஒருவர் ஒன்று போட்டால் சராசரி 3.6க்கு இறங்கிவிடும். உங்கள் குழுவும் அந்த அளவுதான் என்பதால் சராசரி எடுப்பதையே நிறுத்திவிட்டு, ஒவ்வொருவர் போட்ட எண்ணையும் தனித்தனியாக எழுதிவைப்பது நல்லது. புதிரின் நேர்மைக்கு ஓர் எண், எழுத்துக்கும் மனிதர்களுக்கும் ஓர் எண் என்று இரண்டு போதும். அதற்குமேல் பிரித்தால் கூட்டம் தணிக்கை அலுவலகம் போல் ஆகிவிடும். இரண்டு எண்களையும் கூட்டவும் வேண்டாம். புதிருக்கு ஐந்தும் மனிதர்களுக்கு ஒன்றும் பெறும் நாவல் ஒரு வகை, இரண்டிலும் மூன்று பெறும் நாவல் முற்றிலும் வேறு வகை. அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்பவருக்கு அந்த வேறுபாடுதான் உதவும்.

துண்டுத்தாள்களை ஓர் உறையில் போட்டு ஒட்டி, கூட்டம் தொடங்கியதும் பிரியுங்கள். மதிப்பெண்ணை அதற்குப் பிறகு, பக்கங்களைத் திருப்பிப் பார்த்து முடித்ததும் எழுதுங்கள். நிறுத்த வேண்டிய அத்தியாயத்தைச் சொன்னவரிடமே உறை இருக்கட்டும். விடை தெரிந்தே படித்தவர் என்பதால் அந்த மாதம் அவர் புதிருக்கு மதிப்பெண் போட வேண்டாம், எழுத்துக்கு மட்டும் போடலாம்.